லாக் வரவில்லை, இரண்டு முறை வருகிறது, எங்கோ போகிறது: பல மாட்யூல் செயலிகளில் லாகிங் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

ஒரே ஜாரில் (ஜாவா கோடைக் கட்டிவைக்கும் கோப்பில்) முடிந்துவிடும் சின்னச் செயலிக்கு லாகிங், அதாவது செயலி தான் செய்வதை வரிவரியாகப் பதிவுசெய்வது, பெரிய விஷயமே இல்லை. ஒரு லைப்ரரி, ஒரு கான்ஃபிக் கோப்பு, வேலை முடிந்தது. செயலி பத்து மாட்யூலாகப் பிரியும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. ஒரு மாட்யூலை எழுதியவர் லாக்பேக் போட்டிருப்பார், இன்னொருவர் லாக்4ஜே 2 போட்டிருப்பார். மூன்றாவது மாட்யூல் இழுத்துவரும் பழைய லைப்ரரி காமன்ஸ் லாகிங்கில் எழுதும். 2002-இல் ஜாவா 1.4-உடன் வந்த ஜாவா யூட்டில் லாகிங் வேறு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். எல்லாம் கம்பைல் ஆகும், எல்லாம் ஓடும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பிழையைத் தேடும்போதுதான், வேண்டிய வரி எந்தக் கோப்பிலும் இல்லை என்று தெரியவரும்.

கீழே உள்ளவை பெரும்பாலும் ஜாவாவைப் பற்றியவை, ஏனென்றால் இந்தக் குழப்பம் மிக அதிகமாக இருப்பது அங்கேதான். பைத்தானுக்கும் ஒரு பகுதி உண்டு.

அறிகுறிகளுக்குப் போகுமுன் நான்கு பாத்திரங்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது முகப்பு: கோடு அழைப்பது இதை மட்டும்தான். எஸ்எல்எஃப்4ஜே அப்படிப்பட்டது, லாக்4ஜே-ஏபிஐ என்ற ஜாரும் அப்படித்தான். இரண்டாவது பின்புறம்: வரியை உண்மையில் கோப்பிலோ திரையிலோ எழுதுவது. லாக்பேக், லாக்4ஜே-கோர் இந்த வகை. மூன்றாவது பாலம்: ஒரு முகப்புக்கு வரும் அழைப்பை வேறொரு முகப்புக்குத் திருப்பிவிடுவது. நான்காவது கான்ஃபிக் கோப்பு. மாட்யூல்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டியது முகப்பு மட்டும். பின்புறம், பாலம், கான்ஃபிக் மூன்றும் எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிடும் கடைசிச் செயலிக்குச் சொந்தம். நான் பார்த்த லாகிங் கோளாறுகளில் பெரும்பாலானவை, இந்தச் சொத்துப் பிரிவினையை யாரோ ஒரு மாட்யூலில் மீறியதால் வந்தவைதான்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

கான்ஃபிக் கோப்பைத் திறந்து லெவலை (எவ்வளவு முக்கியமான வரிகள் முதல் எழுதலாம் என்ற அளவை) மாற்றிப் பார்க்கும் ஆசை வரும். கொஞ்சம் பொறுங்கள். மூன்று தகவல்கள் கையில் இல்லாமல் எதையும் தொடாதீர்கள்.

ஒன்று, டிபெண்டன்சி மரம்: எந்த லைப்ரரி எதை இழுத்துவருகிறது என்ற பட்டியல். பில்ட் கருவி மேவன் என்றால் அதில் டிபெண்டன்சி ட்ரீ கட்டளை, கிரேடிலில் டிபெண்டன்சி இன்சைட். எஸ்எல்எஃப்4ஜே, லாக்பேக், லாக்4ஜே, காமன்ஸ் லாகிங் என்ற நான்கு பெயர்களையும் அதில் தேடி, எந்தப் பதிப்பு எந்த மாட்யூல் வழியாக வருகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மரத்தைக் கடைசிச் செயலியில் நின்று பார்க்க வேண்டும். லைப்ரரி மாட்யூலில் நின்று பார்த்தால் பாதிதான் தெரியும்.

இரண்டு, ஓடும்போது உண்மையில் எது பிடித்திருக்கிறது என்பது. செயலி தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு வரி: எஸ்எல்எஃப்4ஜேயின் லாகர் ஃபேக்டரி திருப்பித் தரும் பொருளின் கிளாஸ் பெயரையும், அந்தக் கிளாஸ் எந்த ஜாரிலிருந்து வந்தது என்பதையும் அச்சிடுங்கள். லாகர் வழியாக அல்ல, சாதாரண சிஸ்டம் அவுட் வழியாக. லாகிங் உடைந்திருக்கிறதா என்று லாகிங்கையே கேட்பதில் அர்த்தமில்லை.

மூன்று, பின்புறம் தன்னைப் பற்றித் தானே சொல்லும் செய்திகள். லாக்பேக் என்றால் கான்ஃபிக் கோப்பின் மேல் உறுப்பில் டீபக் பண்பை ட்ரூ என்று வையுங்கள். லாக்4ஜே 2 என்றால் லாக்4ஜே2 டாட் டீபக் என்ற சிஸ்டம் ப்ராப்பர்ட்டியை ட்ரூ ஆக்கி ஓடவிடுங்கள். எந்தக் கான்ஃபிக் கோப்பைத் தேடியது, எதைக் கண்டது, எந்த அப்பெண்டரை (வரியை ஓர் இடத்தில் எழுதும் பகுதியை) தொடங்கியது என்று வரிசையாகக் கொட்டும். பலர் இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாமல் நாள்கணக்கில் அல்லாடுகிறார்கள்.

## ஒரு வரிகூட வரவில்லை

செயலி தொடங்கும்போது திரையின் மேற்பகுதியைப் பாருங்கள். எஸ்எல்எஃப்4ஜே அங்கே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கும். 1.7 வரிசை என்றால் ஸ்டாடிக் லாகர் பைண்டர் என்ற கிளாஸை ஏற்ற முடியவில்லை என்று சொல்லும். 2.0 வரிசை என்றால் ப்ரொவைடர் எதுவும் கிடைக்கவில்லை, ஒன்றும் செய்யாத லாகரை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லும். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: முகப்பு இருக்கிறது, பின்புறம் இல்லை.

பின்புறத்தைச் சேர்க்கவே மறந்திருந்தால் சேர்த்துவிடுங்கள், கதை முடிந்தது. ஆனால் அடிக்கடி நடப்பது வேறு. பின்புறத்தின் ஜார் கண்ணெதிரே இருக்கும், இருந்தும் முகப்பு அதைக் காணாது. பதிப்புகள் ஒத்துப்போகவில்லை என்று பொருள்.

1.7 வரை எஸ்எல்எஃப்4ஜே பின்புறத்தைக் கண்டுபிடித்த விதம் கொஞ்சம் முரட்டுத்தனமானது. ஒரு குறிப்பிட்ட பெயருள்ள கிளாஸ் ஒவ்வொரு பின்புற ஜாருக்குள்ளும் இருக்கும். ஜாவா கிளாஸ்களைத் தேடும் பாதையான கிளாஸ்பாத்தில் எது அகப்படுகிறதோ அதோடு ஒட்டிக்கொள்ளும். 2022-இல் வெளிவந்த 2.0 இதைக் கைவிட்டு, ஜாரின் சர்வீசஸ் கோப்பில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து ஏற்றும் ஜாவாவின் சர்வீஸ் லோடர் வழிக்கு மாறியது. பழைய பின்புறத்துக்கு இந்தப் புது வழி தெரியாது, புது முகப்புக்குப் பழைய வழி வேண்டாம். அதனால் ஜோடி சரியாக அமைய வேண்டும். 1.7-க்கு லாக்பேக் 1.2. 2.0-க்கு லாக்பேக் 1.3 அல்லது அதற்கு மேல். லாக்4ஜே 2-ஐப் பின்புறமாக வைத்தால் 1.7-க்கு லாக்4ஜே-எஸ்எல்எஃப்4ஜே-இம்பிள், 2.0-க்கு லாக்4ஜே-எஸ்எல்எஃப்4ஜே2-இம்பிள். பெயரில் உள்ள அந்த ஒற்றை 2-ஐக் கவனிக்காமல் விட்டவர்கள் ஏராளம்.

ஜோடி எப்படிக் கலைகிறது? யாரும் வேண்டுமென்று கலைப்பதில்லை. மாட்யூல் ஒன்று ஏதோ ஒரு லைப்ரரியைப் புதுப்பிக்கும். அந்த லைப்ரரி எஸ்எல்எஃப்4ஜே 2.0-ஐ இழுத்து வரும். கிரேடில் இயல்பாக உயர்ந்த பதிப்பைத் தேர்ந்தெடுக்கும், அதனால் முகப்பு 2.0 ஆகிவிடும், பின்புறம் பழைய 1.2-இலேயே நிற்கும். மேவனோ மரத்தில் எது அருகில் இருக்கிறதோ அதை எடுக்கும். அங்கே எதிர்ப்பக்கத்தில்கூடத் தவறு நடக்கலாம். இந்த நிலையில் 2.0 முகப்பு, 1.7-க்கான பைண்டிங் ஒன்றைக் கண்டேன், புறக்கணிக்கிறேன் என்று ஒரு வரி எழுதும். அந்த வரி தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். மேல்மட்ட பில்ட் கோப்பில் முகப்பு, பின்புறம் இரண்டின் பதிப்பையும் ஒரே இடத்தில் நிலைநிறுத்துங்கள். மேவனில் டிபெண்டன்சி மேனேஜ்மென்ட், கிரேடிலில் ப்ளாட்ஃபார்ம்.

உங்கள் கணினியில் வருகிறது, கட்டி அனுப்பிய பிறகு வரவில்லை என்றால் இரண்டு சந்தேகங்கள். எல்லா ஜாரையும் ஒரே பெரிய ஜாராகக் குழைத்திருந்தால், மெட்டா-இன்ஃப் அடைவின் சர்வீசஸ் கோப்புகள் வழியில் தொலைந்திருக்கலாம். மேவன் ஷேடு ப்ளகினில் சர்வீசஸ் ரிசோர்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மரைச் சேருங்கள். ஜேலிங்க் வைத்து ஜாவா ரன்டைமை வெட்டிக் கட்டியிருந்தால், அது ரெக்வயர்ஸ் சங்கிலியில் உள்ள மாட்யூல்களை மட்டுமே எடுத்துக்கொள்ளும். சர்வீஸ் தரும் மாட்யூலைத் தானாகச் சேர்க்காது. பின்புற மாட்யூலை ஆட்-மாட்யூல்ஸ் தெரிவில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். பைண்ட்-சர்வீசஸ் தெரிவும் வேலை செய்யும். ஆனால் அது வேண்டாத சர்வீஸ்களையும் அள்ளிக்கொண்டு வரும், வெட்டிக் கட்டியதன் பயன் போய்விடும்.

## ஒன்றுக்கு மேற்பட்ட ப்ரொவைடர் இருக்கிறது என்று எச்சரிக்கை வருகிறது

எச்சரிக்கைதானே, ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு பின்புறம் இருந்தால் எது தேர்வாகும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. கிளாஸ்பாத்தின் வரிசை மாறினால் முடிவும் மாறலாம். சோதனைச் சூழலில் லாக்பேக், நிஜச் சூழலில் லாக்4ஜே என்று ஓடிய ஒரு செயலியை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் ஒரே ஜார்கள்தான்; அவற்றைப் பட்டியலிடும் ஸ்கிரிப்ட் மட்டும் வேறு.

குற்றவாளி ஏறக்குறைய எப்போதும் ஒரு லைப்ரரி மாட்யூல். தன் யூனிட் டெஸ்ட்டில் லாக் பார்க்க வேண்டும் என்று லாக்பேக்கைச் சேர்த்திருப்பார்கள், ஆனால் டெஸ்ட் ஸ்கோப் போட மறந்திருப்பார்கள். அது சாதாரண கம்பைல் டிபெண்டன்சியாகி, சேர்பவர்கள் எல்லோருக்கும் தொற்றிவிடும். மூலத்தில் போய் ஸ்கோப்பை மாற்றுங்கள். மூலம் உங்கள் கையில் இல்லாத வெளி லைப்ரரி என்றால் கடைசிச் செயலியில் எக்ஸ்க்ளூட் போடுங்கள். எஸ்எல்எஃப்4ஜே 2.0.9 முதல் எஸ்எல்எஃப்4ஜே டாட் ப்ரொவைடர் என்ற சிஸ்டம் ப்ராப்பர்ட்டியில் பெயர் சொல்லியும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அவசரத்துக்குக் கைகொடுக்கும், ஆனால் குப்பையைப் பாயின் கீழ் தள்ளுவது போலத்தான்.

ஸ்ப்ரிங் பூட்டில் இதற்கு ஒரு தனி வடிவம் உண்டு. அதன் இயல்பான லாகிங் ஸ்டார்ட்டர் லாக்பேக்கைக் கொண்டுவரும். லாக்4ஜே2 ஸ்டார்ட்டரைச் சேர்த்துவிட்டு முந்தையதை எல்லாப் பாதைகளிலும் விலக்காமல் விட்டால், லாகர் ஃபேக்டரி லாக்பேக்கினுடையது அல்ல, ஆனால் லாக்பேக் கிளாஸ்பாத்தில் இருக்கிறது என்று கோபித்துக்கொண்டு செயலி தொடங்கவே மறுக்கும். பத்து மாட்யூலில் ஒவ்வொன்றாக விலக்குவதைவிட, கிரேடிலில் எல்லாக் கான்ஃபிகரேஷனுக்கும் பொதுவாக விலக்குவது நல்லது.

பின்புறம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து வைத்திருப்பது வெறும் சுத்தத்துக்காக மட்டுமல்ல. 2021 டிசம்பரில் லாக்4ஜேயின் லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது கேள்வி ஒன்றுதான்: உங்களிடம் லாக்4ஜே-கோர் இருக்கிறதா? லாக்4ஜே-ஏபிஐ மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அந்த ஆபத்து இல்லை. முகப்பு எது பின்புறம் எது என்று பிரித்தறியாத குழுக்கள் எல்லா ஜாரையும் பார்த்துப் பதறின. பிரித்து வைத்திருந்தவர்களுக்கு மாற்ற வேண்டிய இடம் ஒன்றே ஒன்றாக இருந்தது.

## தொடங்கியதும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஸ்டாக் ட்ரேஸில் இரண்டு லாகிங் லைப்ரரிகளின் பெயர்கள் மாறி மாறி, முடிவே இல்லாமல் வரும். பாலங்கள் எதிரெதிராகப் போடப்பட்டிருக்கின்றன. லாக்4ஜே-டு-எஸ்எல்எஃப்4ஜே வரியை லாக்4ஜேயிலிருந்து எஸ்எல்எஃப்4ஜேக்கு அனுப்புகிறது. லாக்4ஜே-எஸ்எல்எஃப்4ஜே-இம்பிள் அதையே மறுபடி லாக்4ஜேக்குத் திருப்புகிறது. இரண்டு பேரும் ஒரே கடிதத்தை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

சில ஜோடிகளை லைப்ரரிகளே கண்டுபிடித்து, சுழலில் விழும் முன்பே நின்று, இவை இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது என்று பெயர் சொல்லிவிடும். லாக்4ஜே-ஓவர்-எஸ்எல்எஃப்4ஜேயும் எஸ்எல்எஃப்4ஜே-ரீலோட்4ஜேயும் சேர்ந்தாலும் இப்படித்தான். பின்புறம் எது என்று முடிவு செய்யுங்கள். அதை நோக்கிப் போகும் பாலங்கள் இருக்கட்டும், அதிலிருந்து வெளியே போகும் பாலத்தை நீக்குங்கள்.

## ஒரு லைப்ரரியின் வரிகள் மட்டும் வரவில்லை, அல்லது வேறு உருவத்தில் வருகின்றன

மற்ற எல்லாம் கோப்பில் ஒழுங்காகப் போக, ஒரு சில செய்திகள் மட்டும் திரையில் இரண்டிரண்டு வரியாக, தேதி வேறு வடிவில் வந்தால் அது ஜாவா யூட்டில் லாகிங். அதன் கன்சோல் ஹேண்ட்லர் (அப்பெண்டருக்கு அங்கே உள்ள பெயர்) பிழை ஓடையில், இன்ஃபோ லெவலிலிருந்து எழுதும். அதன் வடிவமே காட்டிக்கொடுத்துவிடும்.

காமன்ஸ் லாகிங்குக்கும் பழைய லாக்4ஜே 1-க்கும் பாலம் போடுவது எளிது: அசல் ஜாரை விலக்கிவிட்டு, அதே கிளாஸ் பெயர்களைக் கொண்ட மாற்று ஜாரை வைப்பது. காமன்ஸ் லாகிங்குக்கு ஜேசிஎல்-ஓவர்-எஸ்எல்எஃப்4ஜே. ஸ்ப்ரிங் 5, 6 பதிப்புகள் ஸ்ப்ரிங்-ஜேசிஎல் என்று தங்கள் சொந்த மாற்றையே கொண்டுவந்தன, அதனால் அவற்றில் நீங்கள் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை; 7-இல் அது நீக்கப்பட்டுவிட்டது. அசலையும் மாற்றையும் ஒன்றாக வைத்துவிடாதீர்கள். எது முதலில் அகப்படுகிறதோ அதுதான் ஓடும். லாக்4ஜே 1-இன் ஆயுள் 2015 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இன்னும் அதை வைத்திருப்பவர்களுக்காக.

ஜாவா யூட்டில் லாகிங்கில் இந்த வித்தை பலிக்காது. அதன் கிளாஸ்கள் ஜாவாவுக்குள்ளேயே இருக்கின்றன, அவற்றை மாற்று ஜாரால் மறைக்க முடியாது. ஜூல்-டு-எஸ்எல்எஃப்4ஜே ஜாரைச் சேர்ப்பதோடு, செயலி தொடங்கும் இடத்தில் கோடாகவும் எழுத வேண்டும்: முதலில் ரூட் லாகரில் (எல்லா லாகருக்கும் மேலே இருப்பதில்) ஏற்கெனவே உள்ள ஹேண்ட்லர்களை நீக்குவது, அப்புறம் பாலத்தை நிறுவுவது. ஜார் மட்டும் சேர்த்துவிட்டு ஏன் வரவில்லை என்று கேட்பவர்கள் நிறைய. நிறுவிய பிறகும் ஃபைன் லெவல் செய்திகள் வராவிட்டால், ஜாவா யூட்டில் லாகிங்கின் ரூட் லெவல் இயல்பாக இன்ஃபோவில் இருப்பதுதான் காரணம். அங்கே தடுக்கப்பட்டது பாலம் வரை வருவதே இல்லை. பின்புறக் கான்ஃபிக்கில் டீபக் என்று எத்தனை முறை எழுதினாலும் பயன் இருக்காது.

அப்படியானால் ரூட் லெவலை முழுவதும் திறந்துவிடலாமா? செலவு இருக்கிறது. அணைத்துவைத்த ஒவ்வொரு லாக் அழைப்பும்கூட முழுப் பொருளாக உருவாகி, பாலம் தாண்டி வந்து, அங்கேதான் தூக்கி எறியப்படும். எஸ்எல்எஃப்4ஜேயின் சொந்த ஆவணமே இந்தச் செலவை 60 மடங்கு என்று சொல்கிறது. லாக்பேக் வைத்திருந்தால் லெவல் சேஞ்ச் ப்ரொபகேட்டர் என்ற லிஸனரைக் கான்ஃபிக்கில் சேருங்கள். லாக்பேக்கில் வைத்த லெவலை அது ஜாவா யூட்டில் லாகிங்குக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும், வேண்டாதது வாசலிலேயே நின்றுவிடும்.

## ஒவ்வொரு வரியும் இரண்டு முறை வருகிறது

இரண்டு பிரதிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வடிவம் வேறாக இருந்தால் இரண்டு அமைப்புகள் தனித்தனியே எழுதுகின்றன; ஜாவா யூட்டில் லாகிங்கின் பழைய ஹேண்ட்லரை நீக்காமல் பாலத்தை நிறுவியிருப்பீர்கள். வடிவம் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தால் அது அடிட்டிவிட்டி. ஒரு மாட்யூலின் லாகருக்கு ஒரு அப்பெண்டரைக் கட்டியிருக்கிறீர்கள், அதையே ரூட்டிலும் கட்டியிருக்கிறீர்கள். செய்தி லாகர் மரத்தில் கீழிருந்து மேலே ஏறும், வழியில் உள்ள எல்லா அப்பெண்டரிலும் எழுதும். மாட்யூல் லாகரில் அடிட்டிவிட்டியை ஃபால்ஸ் ஆக்குங்கள். அல்லது, எனக்குப் பிடித்த வழி, அங்கே லெவலை மட்டும் வைத்துவிட்டு அப்பெண்டரை எடுத்துவிடுங்கள். அப்பெண்டர்கள் ரூட்டில் மட்டும் இருந்தால் இந்த நோய் வரவே வராது.

## கான்ஃபிக்கில் என்ன மாற்றினாலும் ஒன்றும் நடக்கவில்லை

நீங்கள் மாற்றும் கோப்பு வேறு, படிக்கப்படும் கோப்பு வேறு. லாக்பேக் முதலில் லாக்பேக்-டெஸ்ட் எக்ஸ்எம்எல்லைத் தேடும், அதற்குப் பிறகே லாக்பேக் எக்ஸ்எம்எல். லாக்4ஜே 2-உம் அப்படித்தான், டெஸ்ட் கோப்புக்கே முதல் மரியாதை. ஏதாவது ஒரு மாட்யூலின் டெஸ்ட் கோப்பு தவறி மெயின் ரிசோர்சஸில் விழுந்து ஜாருக்குள் போயிருந்தால், நிஜச் சூழலில் அதுதான் ஆட்சி செய்யும். மூன்று மாட்யூல் தங்கள் ஜாருக்குள் ஆளுக்கொரு லாக்பேக் எக்ஸ்எம்எல் வைத்திருந்தால், அது கிளாஸ்பாத்தில் பலமுறை இருக்கிறது என்று லாக்பேக் எச்சரிக்கும். எச்சரித்துவிட்டு ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும். லைப்ரரி ஜாரில் கான்ஃபிக் கோப்பே இருக்கக் கூடாது. செயலியில் கோப்பின் முழுப் பாதையை லாக்பேக் டாட் கான்ஃபிகரேஷன்ஃபைல் ப்ராப்பர்ட்டியில் கொடுத்துவிட்டால் தேடும் படலமே இல்லை.

கான்ஃபிக் கோப்பு அகப்படவே இல்லை என்பதைக் கண்ணால் கண்டுகொள்ள ஒரு வழி: லாக்பேக் அப்போது டீபக் வரை எல்லாவற்றையும் திரையில் கொட்டும். லாக்4ஜே 2 நேர் எதிர், எரர் மட்டும் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். திடீர் வெள்ளமும் திடீர் மௌனமும் ஒரே காரணத்தால் வரலாம்.

ஸ்ப்ரிங் பூட்டில் ப்ரொஃபைல் சார்ந்த பகுதிகள் வேலை செய்யாவிட்டால், கோப்பின் பெயரை லாக்பேக்-ஸ்ப்ரிங் எக்ஸ்எம்எல் என்று மாற்றுங்கள். வெறும் லாக்பேக் எக்ஸ்எம்எல்லாக இருந்தால் ஸ்ப்ரிங் எழுந்திருப்பதற்கு முன்பே அது படிக்கப்பட்டுவிடும்.

## பெரிய ஜாரில் மட்டும் பேட்டர்ன் குறிகள் புரியவில்லை என்கிறது

லாக்4ஜே 2 தேதி, லெவல், செய்தி என எல்லாப் பேட்டர்ன் குறிகளையும் ப்ளகின்களாக வைத்திருக்கிறது. அவற்றின் பட்டியல் ஜாருக்குள் லாக்4ஜே2ப்ளகின்ஸ் டாட் டேட் (.dat) என்ற பைனரிக் கோப்பில் இருக்கும். லாக்4ஜே-கோருக்கு ஒன்று, ப்ளகின் தரும் வேறு ஜார்களுக்கும் ஆளுக்கொன்று. எல்லாவற்றையும் ஒரே ஜாராகக் குழைக்கும்போது ஒரு கோப்பு மற்றதை அழித்துவிடும், மிஞ்சியது சின்னதாக இருந்தால் தேதிக் குறிகூட அடையாளம் தெரியாமல் போகும். இது சாதாரண உரைக் கோப்பு அல்ல, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினாலும் சரியாகாது. இதற்கென்றே உள்ள ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும். மேவன் ஷேடு ப்ளகினுக்கும் கிரேடில் ஷேடோவுக்கும் அப்படி ஒன்று உண்டு. அல்லது ஜார்களைக் குழைக்காமல் உள்ளே அப்படியே அடுக்கிவைக்கும் முறைக்குப் போய்விடுங்கள்.

## ஒரே பெயருள்ள கிளாஸை அதே கிளாஸாக மாற்ற முடியவில்லை என்கிறது

செய்தியைப் படித்தால் தலை சுற்றும்: எக்ஸ் என்பதை எக்ஸ் ஆக மாற்ற முடியாது. அல்லது லோடர் கன்ஸ்ட்ரெயிண்ட் மீறல் என்று லிங்கேஜ் எரர். ஆப் சர்வர், ப்ளகின் அமைப்பு, ஓஎஸ்ஜிஐ (செயலியைப் பண்டில் என்ற துண்டுகளாகக் கட்டும் ஜாவா அமைப்பு) போன்ற இடங்களில் இது வரும். ஜாவாவுக்குக் கிளாஸ் என்பது வெறும் பெயர் அல்ல, பெயரும் அதை ஏற்றிய கிளாஸ் லோடரும் சேர்ந்ததுதான். எஸ்எல்எஃப்4ஜே ஏபிஐ தாய் லோடரில் ஒரு பிரதி, ப்ளகின் லோடரில் இன்னொரு பிரதி என்று இருந்தால் லாகர் என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு கிளாஸ்கள் உலவும். ப்ளகின் எல்லையைத் தாண்டி ஒரு லாகரைக் கைமாற்றும் கணத்தில் வெடிக்கும்.

முகப்பு ஒரே இடத்தில், தாய் லோடரில் மட்டும் இருக்கட்டும். ப்ளகின் அதை ப்ரொவைடட் ஸ்கோப்பில் எடுத்துக்கொள்ளட்டும். வெப் செயலிகள் தங்கள் லாகிங்கைத் தனித்தனியாகவே வைத்துக்கொள்ள விரும்பினால் முகப்பு, பின்புறம் இரண்டையும் முழுவதுமாக உள்ளே வைத்துக்கொண்டு, பொது அடைவில் ஒன்றையும் வைக்காமல் இருப்பதும் சரிதான். பாதி உள்ளே, பாதி வெளியே என்பதுதான் ஆகாது.

ஓஎஸ்ஜிஐயில் எஸ்எல்எஃப்4ஜே 2.0-க்கு மாறியதும் லாக் நின்றுபோனால் காரணம் சர்வீஸ் லோடர். அது கிளாஸ் லோடர் எல்லைகளை மதிக்கும் பண்டில் உலகத்துக்காக எழுதப்பட்டதல்ல. நடுவில் தரகர் ஒருவர் வேண்டும். அப்பாச்சி ஏரிஸின் எஸ்பிஐ ஃப்ளை அந்த வேலையைச் செய்கிறது. காராஃப் என்ற ஓஎஸ்ஜிஐ சர்வரைப் பயன்படுத்துபவர்களுக்குப் பாக்ஸ் லாகிங் எல்லா முகப்புகளையும் ஏற்கெனவே தானே ஏற்றுமதி செய்கிறது. அங்கே பண்டிலுக்குள் லாகிங் ஜாரைத் திணிக்காதீர்கள், இம்போர்ட் மட்டும் போதும்.

## சுமை ஏறும்போது வரிகள் காணாமல் போகின்றன

வரிகளை ஒரு வரிசையில் போட்டுவைத்துப் பிறகு எழுதும் லாக்பேக்கின் அசின்க் அப்பெண்டரைப் போட்டவர்கள் அதன் இயல்பான அமைப்பைப் படிப்பதில்லை. அதன் வரிசையில் 256 இடங்கள். காலியிடம் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் ட்ரேஸ், டீபக், இன்ஃபோ வரிகளைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். வார்ன், எரர் மட்டும் தங்கும். இது பிழை அல்ல, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. எல்லா வரியும் வேண்டும் என்றால் டிஸ்கார்டிங் த்ரெஷோல்டை 0 ஆக்குங்கள். ஆனால் அப்போது வரிசை நிறைந்தால் உங்கள் வேலை த்ரெட்கள் காத்து நிற்கும். எது தேவலாம் என்பது செயலியைப் பொறுத்தது. கணக்கு வழக்குத் தணிக்கைக்கான வரிகளை நான் அசின்க் வழியாக அனுப்பவே மாட்டேன்.

செயலி நிற்கும்போது கடைசிச் சில வரிகள் மட்டும் இல்லை என்றால், வரிசையில் இருந்ததை எழுதி முடிக்க வாய்ப்பே கிடைக்கவில்லை. லாக்பேக் கான்ஃபிக்கில் ஷட்டவுன் ஹுக் சேருங்கள். அப்போதும் அசின்க் அப்பெண்டர் இயல்பாக 1000 மில்லி விநாடிதான் காத்திருக்கும், அதை மேக்ஸ் ஃப்ளஷ் டைமில் கூட்டலாம்.

கோப்பு சுழலும் நேரத்தில் ஒரு துண்டு முழுவதும் தொலைந்தால் இரண்டு பேர் ஒரே கோப்பில் எழுதுகிறார்கள். இரண்டு ப்ராசஸாக இருக்கலாம், ஒரே சர்வரில் ஆளுக்கொரு லாக்பேக் வைத்திருக்கும் இரண்டு வெப் செயலிகளாகவும் இருக்கலாம். ஒருவர் கோப்பின் பெயரை மாற்றிவைக்க, இன்னொருவர் பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருப்பார். ஆளுக்கொரு கோப்பு கொடுங்கள். லாக்பேக்கின் ப்ரூடெண்ட் முறை பூட்டுப் போட்டு இதைச் சமாளிக்கும், ஆனால் மெதுவாக ஓடும், சுழன்ற கோப்பைச் சுருக்கவும் முடியாது.

## வரி எண் இருக்கும் இடத்தில் கேள்விக்குறி, கோரிக்கை எண் இருக்கும் இடத்தில் வெற்றிடம்

கேள்விக்குறி என்றால் மறுபடி அசின்க். அழைத்த இடத்தைக் கண்டுபிடிக்கச் செலவாகும் என்பதால் இன்க்ளூட் காலர் டேட்டா இயல்பாக அணைந்திருக்கும். எல்லா வரியும் ஒரே கிளாஸ், ஒரே வரி எண் காட்டினால், யாரோ லாகருக்கு மேல் ஒரு போர்வை எழுதியிருக்கிறார்கள். காட்டப்படுவது போர்வையின் முகவரி. போர்வை கட்டாயம் வேண்டுமென்றால் லொகேஷன் அவேர் லாகர் இன்டர்ஃபேஸில் போர்வையின் முழுக் கிளாஸ் பெயரைக் கொடுத்து எழுதுங்கள். பெரும்பாலும் போர்வை வேண்டியதே இல்லை. எஸ்எல்எஃப்4ஜேயே ஒரு போர்வைதான்.

கோரிக்கை எண் பாதி வழியில் மறைவது எம்டிசியின் (ஒவ்வொரு வரியோடும் சேர வேண்டிய தகவலை வைக்கும் இடத்தின்) குணம். அது த்ரெட்டோடு கட்டப்பட்டது. ஒரு மாட்யூல் வேலையைத் த்ரெட் பூலுக்கு ஒப்படைத்த கணமே எம்டிசி பின்தங்கிவிடும்; லாக்பேக் 1.1.5 முதல் குழந்தைத் த்ரெட்டுக்குக்கூடப் பரம்பரையாகப் போவதில்லை. ஒப்படைக்கும் முன் எம்டிசியின் பிரதியை எடுத்து, ஓடும் த்ரெட்டில் வைத்து, முடிந்ததும் துடைக்கும் ஒரு சுற்றுறையை எழுதுங்கள். துடைப்பதை மறந்தால் இன்னும் மோசம். அடுத்து அந்தத் த்ரெட்டுக்கு வரும் வேலை வேறொருவரின் எண்ணைச் சுமந்துகொண்டு திரியும். இல்லாத எண்ணைவிடத் தவறான எண் அதிக நேரத்தைத் தின்னும்.

## பைத்தானில் ஒரு மாட்யூல் திடீரென்று ஊமையாகிவிட்டது

டிக்ட் கான்ஃபிக்கின் டிசேபிள் எக்ஸிஸ்டிங் லாகர்ஸ் இயல்பாக ட்ரூ. கான்ஃபிக் ஓடுவதற்கு முன்பே இம்போர்ட் ஆன மாட்யூல்களின் லாகர்கள், பெயர் குறிப்பிடப்படாவிட்டால், அணைந்துவிடும். ஃபால்ஸ் என்று வெளிப்படையாக எழுதுங்கள். பேசிக் கான்ஃபிக் ஒன்றும் செய்யவில்லை என்றால், வேறு யாரோ ரூட்டில் ஏற்கெனவே ஹேண்ட்லர் போட்டுவிட்டார்கள், 3.8 முதல் ஃபோர்ஸ் தெரிவு உண்டு. லைப்ரரி எழுதுபவர் நல் ஹேண்ட்லரைத் தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது. பேசிக் கான்ஃபிக்கை அழைக்கும் லைப்ரரி, ஜாருக்குள் கான்ஃபிக் கோப்பு வைக்கும் லைப்ரரிக்கு உறவுக்காரன்.

## சரிசெய்த கோளாறு சில மாதங்களில் திரும்ப வருகிறது

புதிதாக ஒருவர் வருவார், ஒரு லைப்ரரியைச் சேர்ப்பார், அது இன்னொரு பின்புறத்தைக் கூட்டி வரும். ஆவணத்தில் எழுதிவைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள், பில்டில் எழுதிவையுங்கள். மேவன் என்ஃபோர்சரில் பேண்டு டிபெண்டன்சீஸ் விதியைப் போட்டு, காமன்ஸ் லாகிங், லாக்4ஜே 1, நீங்கள் தேர்ந்தெடுக்காத பின்புறம் மூன்றையும் தடைசெய்யுங்கள். மறைமுகமாக வருவதையும் அது பிடித்துவிடும். லைப்ரரி மாட்யூல்களில் எல்லாப் பின்புறத்துக்கும் தடை, டெஸ்ட் ஸ்கோப்புக்கு மட்டும் விலக்கு. இதோடு செயலியில் ஒரு டெஸ்ட் எழுதுங்கள்: லாகர் ஃபேக்டரியின் கிளாஸ் பெயர் நீங்கள் எதிர்பார்ப்பதுதானா என்று மட்டும் பார்க்கும் மூன்று வரி டெஸ்ட். தொடக்கத்தில் சிஸ்டம் அவுட்டில் அச்சிட்டீர்களே, அதே வரிதான். அச்சிடும் இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவே.